ஆளுக்கு ஆள்

கோப்பை யாருக்கு என்பது
பெரிய பணக்காரர்களின் பந்தயம்.
எங்களுக்கு இரண்டே பெயர் போதும்.
பந்தயக் கடை டூகல் துண்டுச் சீட்டில் எழுதித் தருவான்:
சிக்னே ராவ்ன், டென்மார்க்.
கயோ இவாசே, ஜப்பான்.
முதல் இரண்டு நாளில் யார் அடி குறைவு.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு.
ஒருத்தி காலையில் ஆடுவாள், ஒருத்தி மதியத்தில்.
ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதுகூட இல்லை.
தங்களுக்குள் இப்படி ஒரு சண்டை நடப்பது
இருவருக்குமே தெரியாது.

எனக்குக் கோல்ஃப் அவ்வளவாகத் தெரியாது.
அயர்ஷயர் கடலைப் பார்த்த ஓட்டலில்
இரண்டாம் மாடிக்கு நான்தான் படுக்கை விரிப்பவள்.
எனக்குத் தெரிந்தது குப்பைக்கூடை.

புதன்கிழமை 214-இல்
உருகிப்போன ஐஸ் பைகள் மூன்று,
வெள்ளித்தாள் கிழிந்த வலி மாத்திரை அட்டை,
மணிக்கட்டின் வளைவு கலையாமல்
கழற்றிப் போட்ட ஊதாப் பட்டை.
வலமா இடமா என்று
என் கையில் மாட்டிப் பார்த்தேன்.
இடது.
திருட்டு இல்லை.
எதையும் எடுக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.
அன்று மாலையே இருபது பவுண்டு
டென்மார்க் பக்கம்.

"என்ன இஷ்பெல், டேனிஷ்காரி மேல் திடீர்ப் பாசம்?"
காற்று, என்றேன்.
இந்தக் கரையில் எதற்கும் காற்றைச் சொல்லலாம்.

வியாழன் முழுக்கச் சாய்ந்த மழை.
துணி அறையில் உலர்த்தி உறுமலுக்கு நடுவே
கைபேசியில் எண்கள் பார்த்தேன்.
என் ஆளும் மோசம், அவளும் மோசம்.
நாற்பதாம் இடத்துக்கும் கீழே
யாரும் திரையை நகர்த்திப் பார்க்காத பள்ளத்தில்
இருவரும் அடுத்தடுத்துக் கிடந்தார்கள்.

வெள்ளி மதியத்துக்கு முன்பே
சிக்னே ஏழு அதிகமாய் முடித்துவிட்டாள். கட் நான்கு.
அழுக்குத் துணி வண்டியோடு நான் பின்வாசலில் நின்றபோது
பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு வாரம் முடிந்துவிட்டது.
எனக்கு முடியவில்லை.

வேலை விட்டதும் பதினெட்டாம் குழிக்கு நடந்தேன்.
வெளியேறப் போகிறவர்களைப் பார்க்க யார் வருவார்கள்?
கயிற்றுக்கு இந்தப் பக்கம் பதினோரு பேர், ஒரு நாய்.
கயோ நான் நினைத்ததைவிடக் குள்ளம்.
ஒவ்வொரு அடிக்கும் பிறகு
இடது கையைத் தொடையில் தேய்த்தாள்,
துடைப்பது மாதிரி.
ஏனென்று அவள் கேடிக்குத் தெரிந்திருக்கும்.
அப்புறம் எனக்கு.

பதினைந்து அடி தூரம்.
விழுந்தால் ஏழு, சமம், போட்ட காசு திரும்பும்.
விழாவிட்டால் எட்டு, எனக்கு ஜெயம்.
எப்படிப் போனாலும் நாளை அவள் இங்கே இல்லை.
ஒன்றுக்கும் ஆகாத அந்தப் பதினைந்து அடியை
கோப்பையே அதில் கிடப்பதுபோல்
நாலு பக்கமும் சுற்றி, குனிந்து, மண்டியிட்டு,
மறுபடி எழுந்து பார்த்தாள்.

விழு, என்றேன்.
வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும்,
நாய் திரும்பிப் பார்த்தது.

குழியின் உதட்டில் அரைவட்டம் போட்டு
வெளியே வந்து நின்றது.
அதை மெல்லத் தட்டி உள்ளே விட்டு
தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் கை கொடுத்தாள்,
எண் பலகை தூக்கிய பையனுக்கும்.
வலது கையால்.

முப்பத்தெட்டு பவுண்டு, பதினெட்டு பென்னி.
"காற்று நல்லாத்தான் வீசியிருக்கு," என்றான் டூகல்.

சனிக்கிழமை 214.
துண்டுகள் மடித்து அடுக்கியிருந்தன.
குப்பைக்கூடை காலி.
இரட்டைக் கட்டிலில் ஒரு பாதிதான் கசங்கியிருந்தது.
மறுபாதித் தலையணை நடுவே
சின்னதாய் ஒரு பள்ளம்.
தலை வைத்த பள்ளம் இல்லை.
இரண்டு மூன்று இரவு
ஒரு கை தனியாகப் படுத்திருக்கிறது.

என் கையை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.
தட்டி, உறை மாற்றி, விளக்கணைத்து
215-ஐத் திறந்தேன்.
குப்பைக்கூடை நிரம்பியிருந்தது.